அன்று அதிகம் என்றார்கள், இன்று குறைவு என்கிறார்கள்

41 வயது வாசகி ஒருவர் ஐந்து பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விலக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

திருமணத்துக்குப் பிறகு மூன்று முறை அவருக்குக் கரு கலைந்தது. ஏழு ஆண்டுகளுக்கு முன் குழந்தைப்பேறு சிகிச்சைக்குப் போன இடத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்து, “உங்களுக்கு என்கே செல்கள் என்ற வெள்ளையணுக்கள் அதிகம். அவைதான் கருவைத் தாக்குகின்றன” என்றார்களாம். அவற்றை அடக்கப் பத்து வாரம் ஸ்டீராய்டு மாத்திரை, இரண்டு முறை நரம்பு வழியாகக் கொழுப்புக் கரைசல். மகன் பிறந்தான். இப்போது அவனுக்கு ஆறு வயது.

சென்ற மாதம், உறவுக்குப் பின் ரத்தக்கசிவு என்று மருத்துவமனைக்குப் போனவருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் என்று தெரியவந்தது. எம்ஆர்ஐ பார்த்து 2பி நிலை என்றார்கள்; கட்டி கருப்பைவாயைத் தாண்டிப் பக்கத்துத் திசுவுக்குப் போயிருக்கிறது, இடுப்புச் சுவரைத் தொடவில்லை. நிணநீர் முடிச்சுகளில் பரவல் தென்படவில்லை. கதிர்வீச்சும், கூடவே வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தும் வேண்டும் என்று சொல்லி, வரும் திங்கட்கிழமை திட்டமிடல் ஸ்கேனுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். இதற்கிடையே தெரிந்தவர் ஒருவர் மூலம் ஒரு தனியார் மையத்துக்குப் போயிருக்கிறார். அங்கே மறுபடி ரத்தம் எடுத்து, “உங்கள் என்கே செல்களின் செயல்திறன் மிகக் குறைவு” என்றார்கள். அவருடைய ரத்தத்திலிருந்தே அந்தச் செல்களைப் பிரித்து, ஆய்வகத்தில் பெருக்கி, மூன்று மாதங்களில் ஆறு தவணையாகத் திரும்பச் செலுத்துவார்களாம். அதுவரை கதிர்வீச்சு கூடாது, அது எதிர்ப்புச் செல்களையெல்லாம் கொன்றுவிடும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். இதற்குச் சேமிப்பு முழுவதும் கரைந்துவிடும். கதிர்வீச்சைத் தள்ளிப்போடலாமா, தங்கைக்கும் இந்த ரத்தப் பரிசோதனையைச் செய்யவேண்டுமா என்று கேட்கிறார். கடைசி வரி இது: “அன்று மகனுக்காக நான் அடக்கிய செல்கள்தான் இன்று என்னைக் கைவிட்டனவா?”

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். மற்றக் கேள்விகளுக்கெல்லாம் அடியில் அதுதான் கிடக்கிறது. உங்கள் மகனைப் பெற்றதற்கும் இந்த நோய்க்கும் முடிச்சுப் போடாதீர்கள். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. இந்தச் செல்களைப் பற்றி இன்று தெரிந்திருப்பதை வைத்துச் சொல்கிறேன்.

என்கே செல்கள் என்பவை ஒருவகை வெள்ளையணுக்கள். இயற்கைக் கொல்லி செல்கள் என்று தமிழில் எழுதுகிறோம். ரத்தத்திலுள்ள நிணநீர் அணுக்களில் ஏறக்குறைய 5 முதல் 15 சதவீதம் இவை. 1975இல் சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் கீஸ்லிங், கிளைன், விக்செல் ஆகியோர் இவற்றுக்குப் பெயரிட்டார்கள். முன்பின் பயிற்சி எதுவும் கொடுக்காத எலியின் மண்ணீரல் செல்களும் புற்றுசெல்களைக் கொன்றன. பரிசோதனைக் கோளாறு என்று அதுவரை பலர் ஒதுக்கித் தள்ளிய விஷயம் அது. முன்பயிற்சி தேவைப்படாததால்தான் ‘இயற்கை’ என்ற அடைமொழி.

ஒரு என்கே செல் வேலை செய்வதை நுண்ணோக்கிப் படக்காட்சியில் பார்த்திருக்கிறேன். ஊர்ந்து வந்து பக்கத்துச் செல்லில் ஒட்டிக்கொண்டு தடவித் தடவிப் பார்க்கும். பெரும்பாலும் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். எப்போதாவது ஒன்றில் நின்றுவிடும். அதன் உள்ளே இருக்கும் சிறு துகள்கள் எல்லாம் தொட்ட பக்கமாக நகர்ந்து குவியும். பெர்ஃபோரின் என்ற புரதம் எதிர்ச் செல்லின் சவ்வில் துளை போடும், கிரான்சைம் என்ற நொதிகள் உள்ளே போகும். சற்று நேரத்தில் அந்தச் செல் கொப்புளம் கொப்புளமாகப் பொங்கிச் சுருங்கிவிடும். என் மனத்தில் தங்கியது அந்தச் சாவைவிட, விட்டுவிட்டுப் போன அத்தனை செல்களும்தான். எதைக் கொல்வது என்பதைவிட எதை விடுவது என்பதில்தான் இந்தச் செல்லின் பொழுதெல்லாம் போகிறது. உங்கள் நோயின் கதையும் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

ஏழு ஆண்டுகளுக்கு முந்தைய மாத்திரை

ரத்தத்தில் ஓடும் என்கே செல்களும் கருப்பையில் இருக்கும் என்கே செல்களும் ஒரே பெயர் கொண்டவை, குணம் வேறு. கர்ப்பத்தின் முதல் மாதங்களில் கருப்பையின் உட்பூச்சிலுள்ள வெள்ளையணுக்களில் சுமார் 70 சதவீதம் இவைதான். அங்கே இவை கருவைத் தாக்குவதில்லை. நஞ்சுக்கொடிக்கு ரத்தம் தாராளமாகப் பாயும்படி தாயின் ரத்தக்குழாய்களை விரிவாக்க உதவுகின்றன. கைநரம்பில் எடுத்த ரத்தத்தை எண்ணிவிட்டு, கருப்பைக்குள் ‘கொலைகாரச் செல்கள்’ என்று சொல்வது பெயரைப் பார்த்துப் பயந்த கதை. தொடர் கருச்சிதைவுக்கு இந்தப் பரிசோதனையைப் பரிந்துரைக்க ஆதாரம் போதாது என்று ஐரோப்பிய மனித இனப்பெருக்க மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. மாத்திரை இல்லாமலும் உங்கள் மகன் பிறந்திருக்க வாய்ப்பு உண்டு.

எதிர்ப்பாற்றல் நீண்டகாலம் குன்றியவர்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் கூடுதலாக வருகிறது என்பது உண்மை. எச்ஐவி உள்ள பெண்களுக்கு ஆபத்து ஆறு மடங்கு. உறுப்புமாற்று செய்துகொண்டு ஆண்டுக்கணக்கில் மருந்து எடுப்பவர்களுக்கும் கூடுதல்தான். பத்து வார மாத்திரையை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. ரத்தத்தில் ஒரு என்கே செல் வாழ்வது சுமார் இரண்டு வாரம். அன்று நீங்கள் அடக்கிய செல்கள் எப்போதோ மடிந்து, அவற்றின் இடத்தில் பல தலைமுறைகள் வந்து போய்விட்டன.

நோய்க்குக் காரணமான, உடலுறவு வழியாகப் பரவும் எச்பிவி வைரஸோ அதற்கும் வெகு முன்பே வந்திருக்கக்கூடும். எதிர்ப்பாற்றல் சீராக உள்ள பெண்ணிடம் தொற்று புற்றாக மாறப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே, இது யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று வீட்டில் விசாரணை நடத்துவதிலும் பொருளில்லை.

உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வந்த இடம் வேறு. அந்தச் சிகிச்சைக்காக எத்தனை முறை பரிசோதனை மேசையில் படுத்திருப்பீர்கள்! கருப்பைவாய் ஒவ்வொரு முறையும் கண்ணெதிரே இருந்திருக்கும். ஒருமுறையாவது கருப்பைவாய்ச் செல்களை வழித்தெடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியரோ எச்பிவி பரிசோதனையோ எடுத்ததாக நீங்கள் எழுதவில்லை. எடுக்காமல் விட்டிருந்தால் அது எங்கள் மருத்துவத் தொழிலின் குறை. அந்தப் பழியை உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

சோதனைச் சாவடியை ஏமாற்றும் வித்தை

உடலின் ஏறக்குறைய ஒவ்வொரு செல்லும் எச்எல்ஏ என்ற புரதங்களை அடையாள அட்டைபோல மேற்பரப்பில் மாட்டிக்கொண்டிருக்கும். டி செல்கள் என்ற வேறு வெள்ளையணுக்கள் அந்த அட்டையில் எழுதியிருப்பதைப் படிக்கின்றன. வைரஸின் துணுக்கு அதில் தெரிந்தால் கொன்றுவிடும். என்கே செல் எழுத்தைப் படிப்பதில்லை. அட்டை இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். அட்டை இல்லாவிட்டால் அதற்குச் சந்தேகம் வந்துவிடும். 1986இல் கிளாஸ் கேரேயும் அவருடைய குழுவினரும் காட்டிய உண்மை இது.

டி செல்லுக்குப் பயந்து அட்டையை மறைத்தால் என்கே செல்லிடம் மாட்டிக்கொள்ள வேண்டும். எச்பிவி இந்த இரண்டுக்கும் நடுவே புகுந்து போகிறது. எச்பிவி 16 வகையின் இ5 என்ற புரதம், டி செல்கள் அதிகம் படிக்கும் எச்எல்ஏ ஏ, பி அட்டைகளை உள்ளேயே முடக்கிவிடுகிறது. சி, இ அட்டைகளை வெளியே விட்டுவைக்கிறது. டி செல்லுக்குப் படிக்க ஒன்றுமில்லை. என்கே செல்லுக்கோ “எல்லாம் சரி, போகலாம்” என்ற சைகை கிடைத்துவிடுகிறது. புற்றான பிறகு இந்தத் தந்திரம் இன்னும் முற்றுகிறது. எச்எல்ஏ இ என்ற அட்டை என்கே செல்லின் பிரேக்கை நேராக அழுத்தும்.

இன்னொன்றும் நடக்கிறது. துன்பத்தில் இருக்கும் செல் மைக்கா போன்ற புரதங்களை அபாயக் கொடியாக மேலே ஏற்றும். என்கேஜி2டி என்ற ஏற்பியால் என்கே செல் அந்தக் கொடியைக் கண்டுகொள்ளும். கட்டியோ அந்தக் கொடிகளைக் கிழித்து ரத்தத்தில் மிதக்கவிடுகிறது. எங்கு பார்த்தாலும் கொடியாக இருந்தால் காவலர் என்ன செய்வார்? என்கே செல் தன் ஏற்பிகளை உள்ளிழுத்துக்கொள்கிறது. கருப்பைவாய்ப் புற்றுள்ள பெண்களின் என்கே செல்களில் என்கேஜி2டி, என்கேபி30, என்கேபி46 போன்ற ஏற்பிகள் குறைந்திருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. போதாததற்குக் கட்டி வெளியிடும் டிஜிஎஃப் பீட்டா என்ற பொருள் அவற்றைச் சோர்வாக்குகிறது.

ஆகவே அன்று “அதிகம்” என்றதும் இன்று “குறைவு” என்பதும் ஒரே தவற்றின் இரு முகங்கள். தலைகளை எண்ணிப் பயனில்லை. உங்கள் கட்டி இந்தச் செல்களின் சோதனையில் தேறக் கற்றுக்கொண்டுவிட்டது. சாவடியில் காவலர்களின் எண்ணிக்கையைக் கூட்டினாலும் அதே அட்டையைக் காட்டிக் கடந்துபோகும்.

அந்த ஆய்வக அறிக்கையைப் பற்றியும் ஒரு சொல். மாதிரி எடுத்தது, நோய் உறுதியான நான்காம் நாள் மாலை. நான்கு நாட்களாகத் தூங்கவே இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஓர் இரவின் பாதித் தூக்கம் போனாலே என்கே செயல்திறன் இறங்கும். மாடிப்படி ஏறி மூச்சு வாங்கினால், ரத்தத்தில் அவற்றின் எண்ணிக்கை சில நிமிடங்களில் ஏறி, பிறகு இறங்கிவிடும். பொழுதுக்குப் பொழுது மாறும். அந்த எண் உங்கள் தூக்கமின்மையைச் சொல்லலாம். கட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லாது.

உங்கள் செல்கள் உங்கள் முகத்தை அறியும்

“உங்களுடைய செல்களே, பக்கவிளைவு இல்லை” என்று அந்த மையம் பெருமையாகச் சொன்னதல்லவா? சிக்கலே அதுதான். உங்கள் என்கே செல்கள் உங்கள் அட்டைகளைப் பார்த்தே வளர்ந்தவை. அவற்றைக் கண்டால் அடங்கிப்போகப் பழகியவை. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் மெலனோமா என்ற தோல் புற்றுநோய், சிறுநீரகப் புற்றுநோய் முற்றிய 8 பேருக்கு அவர்களுடைய என்கே செல்களையே பெருக்கிச் செலுத்திப் பார்த்தார்கள். 2011இல் முடிவு வெளியானது. ரத்தத்தில் அந்தச் செல்கள் ஏராளமாக, நெடுநாள் இருந்தன. ஒருவருக்கும் கட்டி சுருங்கவில்லை.

அந்த மையத்தின் துண்டுப் பிரசுரத்தில் “11 பேரில் 8 பேருக்குப் பலன்” என்று அச்சிட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த எண் பொய்யில்லை. 2020இல் வெளியான ஆய்வு ஒன்றில் உள்ளதுதான். ஆனால் அந்த 11 பேருக்கும் வந்தது லிம்ஃபோமா போன்ற ரத்தப் புற்று. கொடுத்தவை பிறர் கொடையளித்த தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து எடுத்து, புற்றைக் கண்டறியும் புதிய ஏற்பியை மரபணு மூலம் பொருத்திய செல்கள். உங்களுக்குத் தர முன்வருவதோ, எந்த மாற்றமும் செய்யாத உங்கள் சொந்தச் செல்கள். ஓர் ஊரின் வழிகாட்டிப் பலகையைப் பிடுங்கிவந்து வேறோர் ஊரில் நட்டிருக்கிறார்கள். கருப்பைவாய்ப் புற்றுக்கு அங்கீகாரம் பெற்ற என்கே செல் சிகிச்சை எதுவும் இன்று இல்லை. பிரேக்கை விடுவிக்கும் மருந்துகள், கொடையாளர் செல்கள் என்று ஆய்வுகள் நடக்கின்றன. அவற்றில் எனக்கு நம்பிக்கை உண்டு. அந்த நம்பிக்கையை வைத்து உங்கள் மூன்று மாதத்தைச் செலவழிக்கச் சொல்ல மாட்டேன்.

எதிர்ப்பாற்றல் சிகிச்சை என்ற பெயரில் உறுதியான ஆதாரம் உள்ள ஒன்றும் இருக்கிறது: பெம்ப்ரோலிசுமாப். அது முக்கியமாக டி செல்களின் பிரேக்கை விடுவிக்கும் மருந்து. கதிர்வீச்சோடும் சிஸ்பிளாட்டினோடும் சேர்த்துத் தர 2024 ஜனவரியில் அமெரிக்க மருந்து நிர்வாகம் ஒப்புதல் தந்தது, 3ஆம் நிலையிலிருந்து 4ஏ நிலை வரை உள்ளவர்களுக்கு. முடிச்சுகளில் பரவாத 2பி நிலை அதில் சேராது. கேட்டுப் பாருங்கள், உங்கள் மருத்துவர் வேண்டாம் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது.

கதிர்வீச்சைத் தள்ளிப்போடலாமா?

கூடாது. இந்த ஒரு கேள்விக்கு மட்டும் எனக்கு வளைத்துப் பேசத் தோன்றவில்லை.

உங்களுக்குச் சொல்லப்பட்ட சிகிச்சை, அநேகமாக வாரம் ஐந்து நாள் வீதம் 25 முறை வெளிக்கதிர், வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின், பிறகு கருப்பைக்குள்ளேயே கதிர்மூலத்தை வைத்துத் தரும் பிராக்கிதெரபி. மொத்தமும் 56 நாட்களுக்குள் முடியவேண்டும் என்பது விதி. இழுத்துக்கொண்டே போனால், கூடுகிற ஒவ்வொரு நாளுக்கும் கட்டியை அடக்கும் வாய்ப்பில் அரை முதல் ஒரு சதவீதம் கரைகிறது. சிகிச்சை நடுவிலேயே நாளுக்கு இப்படிக் கணக்குப் பார்க்கிறோம். தொடங்கவே மூன்று மாதம் போனால், இடுப்புச் சுவரை இன்னும் தொடாமல் நிற்கும் கட்டி அதைத் தொட்டுவிடக்கூடும். சிறுநீர்க் குழாயை நெரிக்கக்கூடும். அப்புறம் அது 2பி அல்ல.

எம்ஆர்ஐ பார்த்துத் திட்டமிடும் பிராக்கிதெரபி பற்றிய எம்ப்ரேஸ் ஆய்வு 2021இல் வெளியானது. 1,341 பெண்கள். ஐந்தாண்டுகளுக்குப் பின் 92 சதவீதத்தினருக்கு இடுப்பில் நோய் இருந்த இடம் கட்டுக்குள் இருந்தது. வேறு இடத்தில் தலைகாட்டுவது தனிக் கணக்கு. எல்லோருக்கும் பூரண குணம் என்று இதற்குப் பொருளில்லை. என்றாலும், நீங்கள் தள்ளிப்போட நினைப்பது எவ்வளவு வலுவான ஒன்றை என்று தெரியவேண்டும்.

கதிர்வீச்சு எதிர்ப்புச் செல்களைக் கொல்லும் என்று அவர்கள் சொன்னதில் பாதி உண்மை. இடுப்பெலும்பில் மஜ்ஜை நிறைய இருப்பதால் ரத்தத்தில் நிணநீர் அணுக்கள் குறையத்தான் செய்யும். வாரா வாரம் ரத்தம் எடுத்துப் பார்ப்பது அதற்காகவும்தான். மறுபாதியை அவர்கள் சொல்லவில்லை. கதிர் பட்டு டிஎன்ஏ உடைந்த செல், கட்டி கிழித்தெறிந்த அந்த அபாயக் கொடிகளைத் திரும்ப ஏற்றுகிறது. டிஎன்ஏ சேதத்துக்கும் என்கேஜி2டி கொடிகளுக்கும் உள்ள இந்தத் தொடர்பு 2005இல் வெளிப்பட்டது. உங்கள் என்கே செல்களுக்குக் கட்டியைக் காட்டிக்கொடுக்கக்கூடியதைத்தான் அவர்கள் நிறுத்தச் சொல்கிறார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தச் சிகிச்சையோடு சினைப்பைகள் ஓய்ந்து, மாதவிடாய் நின்றுவிடும். கருப்பை இனி கருவைச் சுமக்காது. ஹார்மோன் மாற்று மருந்து உங்களுக்குத் தரலாமா, பிறப்புறுப்பு இறுகாமல் இருக்க எப்போதிருந்து பயிற்சி தொடங்கவேண்டும் என்பதைச் சிகிச்சைக்கு முன்பே கேளுங்கள். கூச்சப்பட்டுக் கேட்காமல் விட்டவர்கள் பிறகு வருந்தியதைப் பார்த்திருக்கிறேன்.

பணம் கட்டும் முன்

இரண்டாவது கருத்து கேட்பது உங்கள் உரிமை. திசுத் துணுக்கின் கண்ணாடித் தகடுகளையும் ஸ்கேன் படங்களையும் கேட்டு வாங்கி, வேறொரு புற்றுநோய் மருத்துவரிடம் இந்த வாரமே காட்டலாம். முதல் மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார், கோபித்தாலும் பரவாயில்லை.

அந்த மையத்திடம் சிலவற்றை எழுத்தில் கேளுங்கள். இது ஆய்வு என்றால் பொதுப் பதிவேட்டில் அதன் எண் என்ன? எந்த நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்தது? ஆய்வில் பங்கேற்பவரிடம் பொதுவாகச் சோதனை மருந்துக்குப் பணம் வாங்குவதில்லை. இங்கே ஏன் வாங்குகிறார்கள்? ஆய்வு இல்லை, நிலைநாட்டப்பட்ட சிகிச்சைதான் என்றால், கருப்பைவாய்ப் புற்றில் இதே செல்களை இதே முறையில் கொடுத்த முடிவுகள் எங்கே வெளியாகியிருக்கின்றன? செலுத்திய இரவில் காய்ச்சலும் ரத்த அழுத்தச் சரிவும் வந்தால் எந்த மருத்துவமனையில் சேர்ப்பார்கள்? பதில் வாய்மொழியாக மட்டும் வந்தால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள். முன்பணம் எதுவும் கொடுக்காமல் இருந்தால் கொடுக்கவேண்டாம். கொடுத்துவிட்டிருந்தால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

தங்கைக்கு என்கே பரிசோதனை வேண்டாம். 36 வயதில் அவருக்குத் தேவை எச்பிவி பரிசோதனை. 30 வயதுக்கு மேல் ஐந்து முதல் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்தால் போதும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. அவருடைய 12 வயது மகளுக்குத் தடுப்பூசி போட இதுவே சரியான வயது. உங்களுக்கு அந்த ஊசி இப்போது பயன்தராது. அது வரும்முன் காப்பது, வந்ததை ஆற்றாது.

உங்கள் என்கே செல்களுக்கு ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டால், தூங்குங்கள். தூக்கம் வராவிட்டால் மருத்துவரிடம் சொல்லி மருந்து வாங்கிக்கொள்ளுங்கள், அதில் வெட்கமில்லை. முடிந்த அளவு நடங்கள். வீட்டில் யாராவது புகைபிடித்தால் வெளியே போகச் சொல்லுங்கள். ‘எதிர்ப்புச் சக்தி’ என்று ஒட்டுச்சீட்டுப் போட்ட பொடிகளையும் மாத்திரைகளையும், சிஸ்பிளாட்டின் ஏறும் நாட்களில் மருத்துவருக்குத் தெரியாமல் தொடாதீர்கள். அந்த மருந்து சிறுநீரகத்துக்கு ஏற்கெனவே பளுதான்.

திங்கட்கிழமை திட்டமிடல் ஸ்கேனுக்குப் பெரும்பாலும் சிறுநீர்ப்பை நிறைந்திருக்கவேண்டும் என்பார்கள். குடலைக் கதிரின் வழியிலிருந்து சற்று மேலே தள்ளிவைக்க அது உதவும். எவ்வளவு நேரம் முன்பு, எத்தனை குவளை என்று வெள்ளிக்கிழமையே கேட்டுக்கொள்ளுங்கள். தோலில் மூன்று சின்னப் புள்ளிகள் குத்துவார்கள். எறும்பு கடித்ததுபோல இருக்கும். காலையில் தண்ணீர் குடித்துவிட்டு, தளர்வான உடை உடுத்திக்கொண்டு போங்கள்.